ஆசிரியர் கேள்வி – பதில்: நிகழ்நிலைப் பயிற்சியும் எங்கள் வகுப்பறையும்

சென்ற இதழில், நிகழ்நிலைப் பயிற்சிகளால் ஆசிரியருக்குப் பயன் உண்டா என்று கேட்ட ஒரு வாசகருக்கு, "பயிற்சி முடிந்த வாரத்தில் வகுப்பறையில் ஒரு மாற்றமாவது செய்து பார்த்தால் உண்டு" என்று இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரி போதாது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு விடயத்திற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: வலிகாமத்தில் தரம் 6, 7 வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்திலிருந்து இன்றுவரை பதினொரு நிகழ்நிலைப் பயிற்சிகளை முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். வினாடி வினாச் செயலி, காணொளித் தொகுப்பு, இணைய வகுப்பறை என்று எல்லாம் படித்தேன். ஆனால் நான் கற்பிக்கும் முறை பழையபடியேதான் இருக்கிறது. பிழை என்னிடமா, பயிற்சியிலா?
— கணித ஆசிரியை, சுன்னாகம்

பதில்: இரவு எட்டு மணிக்குப் பிறகு, வீட்டு வேலைகளை முடித்துவிட்டு, பதினொரு பயிற்சிகளில் அமர்ந்திருந்த ஒருவரிடம் நான் பிழை தேட மாட்டேன். பயிற்சி நடந்த இடமும் நீங்கள் கற்பிக்கும் இடமும் ஒன்றையொன்று தொடாமலே இருந்துவிட்டன என்பதுதான் காரணம்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட குறையும் அன்று. அமெரிக்கக் கல்வியியலாளர்களான புரூஸ் ஜொய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் இணையம் பரவுவதற்கு முன்பே, 1980 களில், சேவைக்காலப் பயிற்சிகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு முறையை விளக்கிச் சொல்லி, செய்து காட்டி, பயிற்சி மண்டபத்திலேயே செய்து பார்க்கவும் வைத்து, குறை நிறைகளையும் எடுத்துச் சொன்ன பின்னரும், ஆசிரியர் தம் பாடசாலைக்குத் திரும்பியதும் அருகில் நின்று கைகொடுக்க ஒருவர் இல்லையென்றால் கற்றது வகுப்பறைக்குள் நுழைவது அரிது என்பது அவர்கள் கண்ட முடிவு. எங்களுடைய நிகழ்நிலைப் பயிற்சிகளிற் பெரும்பாலானவை விளக்கிச் சொல்வதோடும் செய்து காட்டுவதோடும் நின்றுவிடுகின்றன. முகம் காட்டாத நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு முன்னால் ஒருவர் திரையைப் பகிர்ந்து பேசுகிறார். இறுதியில் ஒரு படிவத்தை நிரப்பினால் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து சேருகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. பாடத்தை அறிந்திருப்பதும், அந்தப் பாடத்தை ஒரு பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது என்று அறிந்திருப்பதும் வேறு வேறு அறிவுகள் என்று லீ ஷுல்மன் 1986 இல் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 2006 இல் புன்யா மிஸ்ராவும் மத்தேயு கோலரும், தொழினுட்ப அறிவு இவ்விரண்டோடும் பின்னிப் பிணைந்தால்தான் கற்பித்தலுக்கு உதவும் என்று காட்டினார்கள். நீங்கள் படித்த பதினொரு பயிற்சிகளும் பெரும்பாலும் செயலியின் பெயரால் தொடங்கியிருக்கும். பின்னம், விகிதம், கோணம் என்று ஒரு பாட அலகின் பெயரால் தொடங்கிய பயிற்சி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலுள்ள எண்களைத் தனியாகவும் கீழுள்ளவற்றைத் தனியாகவும் கூட்டி "ஐந்தில் இரண்டு" என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். வினாடி வினாச் செயலியின் உண்மையான பயன், அப்படி எழுதுபவர்கள் இரண்டு பேரா இருபது பேரா என்று அந்தக் கணமே காட்டுவதுதான். இருபது பேர் என்று தெரிந்தால் அடுத்த பயிற்சிக் கணக்குக்குப் போவதில் பொருளில்லை. அரையை விட ஐந்தில் இரண்டு சிறியதாயிற்றே, இன்னொரு பின்னத்தைக் கூட்டிய பின் தொகை எப்படிக் குறையும் என்று அவர்களிடமே கேட்டு, தாளை மடித்துக் காட்டத் தொடங்க வேண்டும். செயலியைத் திறப்பது எப்படி என்று பயிற்சி சொல்லித் தந்திருக்கும். இந்தக் கேள்வியைக் கேட்பது எப்படி என்று சொல்லித் தந்திராது.

எங்கள் பாடசாலைகளில் மாணவர் கையடக்கத் தொலைபேசி கொண்டுவருவதற்கு இடமில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். நான்கு நிறங்களில் அட்டைகளை வெட்டிக் கொடுத்து, ஒவ்வொரு விடைக்கும் ஒரு நிறம் என்று வைத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் உயர்த்தச் சொன்னாலும் அதே தகவல் உங்கள் கண்ணுக்கு வந்துவிடும். அட்டையில் இதைச் செய்து பழகிய ஆசிரியர் பிறகு எந்தச் செயலியையும் சரியாகப் பயன்படுத்துவார் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே பன்னிரண்டாவது பயிற்சியில் இந்தத் தவணை சேராதீர்கள். ஏற்கனவே படித்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, பிள்ளைகள் வழமையாக இடறும் ஓர் அலகுக்கு அதைப் பொருத்துங்கள். உங்கள் பாடசாலையிலேயே இன்னோர் ஆசிரியரிடம், அவருடைய ஓய்வுப் பாடவேளையில் உங்கள் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பிள்ளைகளை மட்டும் கவனிக்கும்படி கேளுங்கள். யப்பானிய ஆசிரியர்கள் ஒரு பாடத்தைக் கூட்டாகத் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க மற்றவர்கள் பார்த்து, பின்னர் சேர்ந்திருந்து அலசும் வழக்கத்தை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பேணி வருகிறார்கள். அதற்கு வேண்டியது நாற்பது நிமிடமும் நம்பிக்கையான ஒரு சக ஆசிரியருமே.

கேள்வி: யூரியூப்பில் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் செய்த விஞ்ஞானக் காணொளிகள் மிகத் தெளிவாக உள்ளன. நானும் அவற்றைப் பார்த்துக் கற்று, மாணவர்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன். ஆனால் பரீட்சையில் சில பிள்ளைகள் சொற்களை மாற்றி எழுதிவிட்டார்கள். இந்தக் காணொளிகளைத் தவிர்ப்பதா?
— விஞ்ஞான ஆசிரியர், பருத்தித்துறை

பதில்: தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் போட்டுக் காட்டவும் கூடாது. இந்தக் கேள்வியை வேறு எவரும் கேட்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது, ஏனெனில் வடக்கிலும் கிழக்கிலும் இணையத்தில் தமிழ் வழியாகக் கற்கும் ஒவ்வொரு ஆசிரியரும் நாள்தோறும் சந்திக்கும் சிக்கல் இது.

சில சொற்கள் வெறுமனே வேறுபடுகின்றன. நாங்கள் ஒட்சிசன் என்பதை அவர்கள் ஆக்சிஜன் என்கிறார்கள். எங்கள் கலம் அவர்களுக்குச் செல். எங்கள் ஒளித்தொகுப்பு அவர்களுக்கு ஒளிச்சேர்க்கை. எங்கள் ஆர்முடுகல் அவர்களுக்கு முடுக்கம். இவற்றால் பெரிய கேடு இல்லை. பிள்ளை ஒரு தடவை கேட்டால் விளங்கிக்கொள்ளும். உண்மையான ஆபத்து ஒரே சொல் இரண்டு பொருளில் வழங்குமிடத்தில் இருக்கிறது. எங்கள் பாடநூலில் திசை இல்லாத கணியம் கதி, திசையுள்ள கணியம் வேகம். தமிழ்நாட்டுப் பாடநூலிலோ திசை இல்லாதது வேகம், திசையுள்ளது திசைவேகம். காணொளியில் "வேகத்திற்குத் திசை கிடையாது" என்று ஒருவர் தெளிவான குரலில் சொல்வதைக் கேட்ட பிள்ளை, க.பொ.த. சாதாரண தர வினாத்தாளில் வேகம் என்ற சொல்லைக் கண்டதும் அதையே எழுதும். அந்தப் பிள்ளை விஞ்ஞானத்தைச் சரியாகவே விளங்கியிருந்தும் புள்ளியை இழக்கிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நீங்கள் செய்யக்கூடியது, காணொளியை முதலில் தனியே பார்த்து, வேறுபடும் சொற்களைக் கரும்பலகையின் ஓரத்தில் இரண்டு நிரல்களாக எழுதிவிட்டுப் பிறகு காட்டுவது. குழப்பம் தரும் இடத்தில் ஒலியை நிறுத்திவிட்டு நீங்களே விளக்கம் சொன்னால் இன்னும் நல்லது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலுள்ள பாடங்கள் எங்கள் பாடத்திட்டத்தையும் சொற்களையும் ஒட்டியவை என்பதால் முதலில் அங்கே தேடுங்கள். விளக்கம் போதாதபோது மட்டும் வெளியே போங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் பாடக்குறிப்போ வினாவோ கேட்பவர்களும் இதையே கவனிக்க வேண்டும். அவை இரு நாட்டுச் சொற்களையும் ஒரே பந்தியில் கலந்து தருவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். பாடநூலைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒவ்வொரு கலைச்சொல்லையும் சரிபார்க்காமல் அதை அச்சிட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

உங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்கள் நால்வர் சேர்ந்து அலகு அலகாக இப்படியொரு சொற்பட்டியலைத் தயாரித்தால், அதுவே எந்த நிகழ்நிலைப் பயிற்சியையும் விடச் சிறந்த வாண்மை விருத்தியாக அமையும்.

கேள்வி: நெடுந்தீவில் கற்பிக்கிறேன். வார நாட்களில் இங்கேயே தங்குகிறேன். பயிற்சி நடக்கும்போது இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது. தரவுக்குச் செலவாகும் பணமும் அதிகம். வருகைப் பதிவு இல்லை என்று சான்றிதழும் மறுக்கப்பட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு வழி என்ன?
— ஆரம்பப் பிரிவு ஆசிரியை, நெடுந்தீவு

பதில்: குறிகாட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கடலில் வந்து கற்பிக்கும் ஆசிரியைக்கு, "இணைப்பில் இல்லை" என்று வருகையை மறுப்பது நியாயமன்று. ஏற்பாட்டாளர்களுக்கு உங்கள் அதிபர் மூலம் எழுத்தில் தெரிவியுங்கள். பதிவுசெய்த ஒலியையும் விளக்கத்தாளையும் முன்கூட்டியே அனுப்பி, வருகைப் பதிவுக்குப் பதிலாக வகுப்பறையில் செய்து பார்த்த ஒரு பணியை ஏற்கும்படி கேளுங்கள். தனியொருவராகக் கேட்பதை விடத் தீவகத்து ஆசிரியர்கள் பலர் கையொப்பமிட்டுக் கேட்பது வலுவானது.

கணக்கையும் அறிந்துகொள்ளுங்கள். காணொளியுடன் கூடிய ஒரு மணித்தியாலச் சந்திப்பு ஏறத்தாழ ஒரு கிகாபைற்று அளவைத் தின்றுவிடக்கூடும். ஒலியை மட்டும் கேட்டால் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே செலவாகும். ஆகையால் உங்கள் படத்தையும் மற்றவர்களின் படங்களையும் நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள்; விளக்கப்படங்களை வார இறுதியில் யாழ்ப்பாணம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். குறித்த நேரத்தில் நடக்கும் பயிற்சிகளை விட, தமக்கு வசதியான நேரத்தில் படித்து முடிக்கக்கூடிய பாடநெறிகளே உங்களுக்கு ஏற்றவை.

வகுப்பறைக்கும் இணைப்புத் தேவையில்லாத கருவிகளையே தெரிவு செய்யுங்கள். நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமன் 2002 இல் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'பெற்' (PhET) திட்டத்தில், மின்சுற்று அமைத்தல், தராசைச் சமன்செய்தல், பின்னங்களை ஒப்பிடுதல் போன்றவற்றைத் திரையிலேயே செய்து பார்க்கும் பரிசோதனைகள் இலவசமாக உள்ளன. அவற்றை ஒரு தடவை தரவிறக்கிப் பென்டிறைவில் கொண்டுபோனால் போதும். தீவில் ஒரு பழைய மடிக்கணினியிலும் இயங்கும். 'கோலிப்ரி' என்ற இலவச மென்பொருள் இன்னும் ஒரு படி மேலானது. ஒரு கணினியில் பாடங்களை ஏற்றி வைத்துவிட்டால், இணையமே இல்லாத பாடசாலையிலும் அருகிலுள்ள மற்றக் கருவிகள் அதிலிருந்து படிக்கலாம். இதை நிறுவப் பாடசாலையில் ஒருவராவது ஒரு நாள் செலவிட வேண்டியிருக்கும்.

1990 களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ஒலிநாடாவை இயக்கி, ஆங்கிலப் பாடத்தில் கேட்டற் பயிற்சி நடத்தியிருக்கிறேன். மாணவர்கள் முறை வைத்துச் சில்லைச் சுற்றினார்கள். அந்தக் கஷ்டம் திரும்ப வர வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்களுக்கு நல்ல இணைப்பு கிடைப்பது உங்கள் உரிமை. அது கிடைக்கும் வரை பிள்ளைகளைக் காத்திருக்க வைக்காமல், இருக்கும் கருவியில் தொடங்கலாம் என்பதை நான் அன்று கற்றுக்கொண்டேன்.

கேள்வி: எனக்கு 56 வயது. தமிழ் கற்பிக்கிறேன். வினாத்தாள்களைப் பாமினியில் வேகமாகத் தட்டச்சு செய்வேன். ஆனால் இணைய வகுப்பறையில் அவற்றை ஏற்றினால் பிள்ளைகளுக்கு எதுவும் விளங்குவதில்லை. இளம் ஆசிரியர்களிடம் கேட்கக் கூச்சமாக உள்ளது.
— தமிழாசிரியை, சாவகச்சேரி

பதில்: பாமினி எழுத்துருவில் நீங்கள் தட்டும் ஒவ்வொரு தமிழெழுத்தும் கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவோ குறிகளாகவோதான் சேமிக்கப்படுகிறது, பாமினி எழுத்துரு உள்ள கணினி மட்டுமே அதற்குத் தமிழ் வடிவம் கொடுத்துக் காட்டுகிறது. பிள்ளையின் தொலைபேசியில் அந்த எழுத்துரு இல்லாததால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த வரிகள் தெரிகின்றன. யுனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்கும் கொம்பு, கால் போன்ற குறிகளுக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான இலக்கங்கள் உண்டு. அதனால் அது எங்கும் தமிழாகவே தெரியும்.

நீங்கள் தட்டச்சை மறந்து புதிதாகப் பழக வேண்டியதில்லை. பாமினியில் உள்ளதை யுனிகோட்டுக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன; உங்கள் பழைய வினாத்தாள்கள் அனைத்தையும் அப்படி மீட்கலாம். மாற்றிய பின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு முறை வாசித்துப் பாருங்கள். பாமினியின் விசைகளை அப்படியே வைத்து யுனிகோட்டில் எழுத உதவும் விசைப்பலகை மென்பொருள்களும் உண்டு. தொலைபேசியில் குரலால் எழுதவும் முடியும். கூகுள் விசைப்பலகையில் 'தமிழ் (இலங்கை)' என்ற தெரிவை எடுத்தால் எங்கள் உச்சரிப்பை ஓரளவு நன்றாகவே பிடிக்கிறது.

கூச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டு அனுபவம் உள்ள ஆசிரியை எந்தப் பிள்ளை எங்கே இடறும் என்பதை அறிவார். இளம் ஆசிரியர் எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதை அறிவார். இருவரும் ஒருவருக்கொருவர் கற்பிக்க வேண்டியவர்கள். யுனிகோட்டைச் சொல்லித் தரும் இளம் ஆசிரியருக்கு நீங்கள் செய்யுள் கற்பிக்கும் முறையைச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு நிகழ்நிலைச் சான்றிதழ்கள் பதவி உயர்வுக்கு உதவுமா?
— ஆசிரியர், மானிப்பாய்

பதில்: இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பில் விதிக்கப்பட்டவையே பதவி உயர்வுக்கு அளவுகோல். வெளிச்சான்றிதழ் ஒன்று அவற்றுக்கு ஈடாகும் என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். சில தளங்களில் பாடத்தை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழுக்கு மட்டுமே கட்டணம்.

கேள்வி: எங்கள் பாடசாலைக்குப் பழைய மாணவர் சங்கம் ஊடாடும் வெண்பலகை ஒன்றை அன்பளித்தது. விற்பனையாளர் வந்து இரண்டு மணித்தியாலம் பயிற்சி தந்தார். ஒரு வருடமாகப் பெரும்பாலும் துணி போர்த்தியே இருக்கிறது. ஆசிரியர்களை இன்னொரு நிகழ்நிலைப் பயிற்சிக்கு அனுப்பலாமா?
— அதிபர், வலிகாமம்

பதில்: அதிபர் அவர்களே, பலகை துணிக்குள் கிடப்பது ஆசிரியர்களின் சோம்பலால் அன்று. பலகையை இயக்குவது எப்படி என்று ஒருவர் சொன்னார். தரம் 9 வரலாற்றில் அதை எதற்குப் பயன்படுத்துவது என்று எவரும் சொல்லவில்லை. யுனெஸ்கோ 2018 இல் மூன்றாம் பதிப்பாக வெளியிட்ட ஆசிரியர்களுக்கான தகவல் தொடர்பாடல் தொழினுட்பத் தேர்ச்சிச் சட்டகம், 18 தேர்ச்சிகளை ஆறு துறைகளில் வகுக்கிறது. கருவியைக் கையாளும் திறன் அந்த ஆறில் ஒன்று மட்டுமே; கலைத்திட்டமும் கணிப்பீடும், கற்பித்தல் முறை, பாடசாலை நிருவாகம் ஆகியவையும் அதில் அடங்கும். அதாவது ஆறில் ஒரு பங்கு உங்கள் மேசையிலும் இருக்கிறது.

இங்கிலாந்தில் 2000 களில் இத்தகைய பலகைகள் பெருமளவில் வகுப்பறைகளுக்கு வந்தன. லண்டன் பாடசாலைகளைப் பற்றி 2007 இல் வெளியான மதிப்பீட்டில், பலகை வந்த காரணத்தால் மட்டும் மாணவர் அடைவு உயர்ந்ததாகக் காணப்படவில்லை. பழைய விரிவுரையையே இன்னும் பளிச்சென்று நடத்துவதற்கும் அது பயன்பட்டுவிடக்கூடும்.

ஆகவே இன்னொரு பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன் நேரசூசியைத் திருத்துங்கள். ஆர்வமுள்ள இரண்டு ஆசிரியர்களைத் தெரிந்து, வாரத்தில் ஒரே வேளையில் இருவருக்கும் ஓய்வு வரும்படி ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். அந்தப் பாடவேளையில் அவர்களைப் பதில் கடமைக்கு எந்தக் காரணத்திற்காகவும் அனுப்பாதீர்கள். இதுதான் கடினமான பகுதி, உங்களால் மட்டுமே செய்யக்கூடிய பகுதியும் இதுவே. அவர்கள் நிகழ்நிலைப் பயிற்சி ஒன்றைச் சேர்ந்து பார்த்து, ஓர் அலகைத் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க மற்றவர் கவனிக்கட்டும். ஆசிரிய ஆலோசகரையும் அந்த நாளுக்கு அழையுங்கள். பலகை இருக்கும் அறையின் திறப்பு அலுவலக அலுமாரிக்குள் இல்லாமல் அந்த இருவரிடமும் இருக்கட்டும். அடுத்த தவணையில் அவர்கள் ஆளுக்கொருவரைச் சேர்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: என் மகளின் ஆசிரியை ஒரு நிகழ்நிலைப் பாடநெறியின் ஒப்படைக்காக வகுப்பைக் காணொளியெடுத்துப் பேஸ்புக்கில் போட்டிருந்தார். மகள் விடை தெரியாமல் நிற்பதை உறவினர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஆசிரியை நல்லவர், எப்படிச் சொல்வது?
— ஒரு தாய், நல்லூர்

பதில்: நேரில் சென்று, நீங்கள் எனக்கு எழுதிய அதே சொற்களில் சொல்லுங்கள்; நல்ல ஆசிரியை உடனே அகற்றிவிடுவார். தம் கற்பித்தலைப் பதிவுசெய்து பார்ப்பது ஆசிரியருக்கு மிகச் சிறந்த பயிற்சி. ஆனால் அந்தப் பதிவு அவரும் அவரது பயிற்றுநரும் பார்ப்பதற்கு மட்டுமே உரியது. தொலைபேசியைப் பின்வரிசையில் வைத்து, ஆசிரியரின் முகமும் பிள்ளைகளின் முதுகும் மட்டும் விழும்படி எடுத்தால் ஒப்படைக்குப் போதும். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. பிள்ளையின் படத்திற்குப் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் பெறும் வழக்கத்தை ஒவ்வொரு பாடசாலையும் இப்போதே தொடங்கிவிடுவது நல்லது. அன்று விடை தெரியாமல் நின்ற கேள்வியின் விடையை ஆசிரியை உங்கள் மகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாரா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.